இசைத்தட்டால் பிடித்த இடம்

எழுபதுகளின் நடுவில், தாம்பரம் ரயில் நிலையத்தில் நடந்தது இது. அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அண்ணா, கப்பலில் இன்ஜினியர். லீவில் வந்தபோது ஸ்பெயினிலிருந்து ஓர் எல்.பி. இசைத்தட்டு கொண்டுவந்திருந்தார். அந்த ஊர் ராக் குழு ஒன்று பாடியது, எல்லாமே ஸ்பானிஷ். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் அந்த கிடாரில் சொக்கிப்போனேன். முதல் பக்கம் முடிந்ததும் அவருடைய பிளேயரின் ஊசி உடைந்துவிட்டது. மறுபக்கத்தை மாம்பலத்தில் தோழி வீட்டில் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சி வாங்கினேன்.

"பத்திரம்மா. திங்கக்கிழமை கப்பலுக்குக் கிளம்பறேன். இது என்கூட வரணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலி ரயில் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்போம். அப்புறம் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். அன்று பார்த்துக் கைக்குட்டையை மறந்திருந்தேன். நான்தான் மகா புத்திசாலி ஆயிற்றே, பெண்கள் பெட்டியின் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இசைத்தட்டை நுழைத்து ஸீட்டில் வைத்தேன். இடம் பிடித்தாயிற்று என்ற நிம்மதியில் பிளாட்பாரத்தில் வகுப்புத் தோழி ஒருத்தியோடு அரட்டை. திரும்பிப் பார்த்தால் ரயில் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓடினேன், எட்டவில்லை.

அழுகையே வந்துவிட்டது. அண்ணா முகத்தில் எப்படி விழிப்பேன்? "இந்நேரம் எவளாவது சுருட்டியிருப்பா" என்று தோழியிடம் பொருமிவிட்டு அடுத்த ரயிலில் ஏறினேன். வாசல் கம்பியைப் பிடித்து நின்றபடி, முகம் தெரியாத அந்தத் திருடியை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில், காலடியில் கீரைக்கூடையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். என் இசைத்தட்டை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். நான் கையை ஆட்டியதும் சிரித்துக்கொண்டே கூடையோடு ஏறினார்.

"நீ வெச்சத பாத்தேம்மா. வண்டி கெளம்பிச்சி, உன்னக் காணோம். அட்த்த வண்டில வருவேன்னு எறங்கிக்கினேன்" என்றார்.

தாம்பரத்தில் பிடித்த ஸீட்டும் போய், சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு நேரமும் போயிருந்தது அவருக்கு. இருவரும் நெரிசலில் நின்றுகொண்டே போனோம். அட்டையில் இருந்த ஐந்து தாடிக்காரர்களைக் காட்டி, "இவங்கோ யாரும்மா?" என்று கேட்டார்.

"பாடறவங்க. வேற தேசம்."

"இன்னா பாடறாங்கோ?"

"எனக்கும் தெரியாதும்மா."

"கேக்க நல்லாகீதா?"

"ரொம்ப."

"அப்ப சரி" என்று இசைத்தட்டை என் கையில் கொடுத்தார்.

மறுபக்கம் முதல் பக்கத்தைவிடப் பிரமாதம். திங்கட்கிழமை அது அண்ணாவோடு கப்பலேறியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒன்றைத் தவிர. அந்த அம்மா எனக்காக வெயிலில் கை வலிக்க நின்ற அதே கால் மணி நேரம்தான் நான் அவரைத் திருடி என்று திட்டிக்கொண்டிருந்தேன். நன்றி சொன்னேனே தவிர, அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்று கேட்காமல் விட்ட அந்த மன்னிப்புதான், இன்றைக்கும் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் யார் மேலும் சட்டென்று பழிபோடாமல் என் வாயைக் கட்டுகிறது.