சாவு வீட்டில் சொல்லிவிட்டு வந்தது

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்க்கும் எனக்கு, சாவு விழுந்த வீடுகளில் எப்படிப் பேசுவது என்று ஹட்டனில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். "அழாதீங்க" என்று சொல்லக்கூடாது. கிளம்பும்போது, மறுபடி எந்த நாள் வருவோம் என்று சொல்லவேண்டும். கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

முதலில் போனது, குளவி கொட்டி மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மாவின் லயத்து வீட்டுக்கு. நன்றாகத்தான் பேசினேன். எழுந்தபோது, "செவ்வாக்கெழம மறுபடியும் வர்றேங்க" என்றேன். சுற்றியிருந்தவர்கள் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாவு வீட்டில் வருகிறேன் என்று சொன்னால், இன்னொரு சாவுக்குத்தான் வருவோம் என்பார்கள். இந்த மலையிலேயே பிறந்த எனக்கு அது தெரியாதா? மூலையில் இறந்தவளின் ஒரு வயதுக் குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. எங்கே சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்டாலும், யார் வீட்டில் என்று ஓடிப்போய் விசாரித்தேன். பயிற்சி கொடுத்தவர்களைத் திட்டினேன்; என் வாயை அதைவிட அதிகமாகத் திட்டினேன். செவ்வாய்க்கிழமை போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம். கடைசியில் வாசலில் போய் நின்றேன். உள்ளே இருமல் சத்தமே இல்லை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அம்மா வெளியே வந்தார்.

"அன்னைக்கு எல்லாரும் முறையா, சொல்லாமத்தான் போனாங்க மிஸ். அதுக்கப்புறம் ஒருத்தரும் வரல. நீங்க நாள் சொன்னீங்க. காலையில இருந்து பாதையையே பாத்துக்கிட்டிருக்கேன்."