ஒரு சாண் மேலே நின்ற பாதம்

பிரகதீஸ்வரியின் பாதங்கள் அழகானவை அல்ல. கல்குவாரியில் பதினெட்டு வருஷம் ஜல்லி அள்ளியவை. வெடிப்பெல்லாம் புழுதி. இடது பெருவிரலில் நகமே இல்லை. குழம்பில் உப்புக் குறைந்த ஒரு மத்தியானம், கணவன் உடையப்பன் அம்மிக்குழவியைத் தூக்கிப் போட்டதில் போனது.

அந்தப் பாதம்தான் வேண்டும் என்றார்கள் சினிமாக்காரர்கள். நார்த்தாமலை அடிவாரத்தில் கொட்டகை போட்டுச் சிரிப்புப் படம் எடுத்தார்கள். தான் செய்த இயந்திரத்தில் தானே மாட்டி, விரலளவு சுருங்கிவிடும் ஒரு விஞ்ஞானியின் கதை. விஷயம் தெரியாத மனைவி அடுப்படியில் நடக்க, அவள் காலடியில் சிக்காமல் அவன் தப்ப வேண்டும். அவனுக்குப் பதில் ஒரு களிமண் பொம்மை.

"பொம்மைக்கு ஒரு சாண் மேல காலை நிறுத்திருங்கக்கா. மிச்சத்தைக் கம்ப்யூட்டர்ல பாத்துக்குவோம்" என்றான் உதவி இயக்குநர் ஆண்ட்ரூஸ்.

அவளால் நிறுத்த முடியவில்லை. உடையப்பனைப் போலவே மீசையும் கைலியுமாய் நின்ற பொம்மையைப் பார்த்ததும் கால் தானாக இறங்கியது. ஒன்பது பொம்மைகள் நொறுங்கிப் போயின.

"எம் பொம்மை மேல என்னக்கா இம்புட்டுக் கோவம்?"

"மெதுவாத்தான் தம்பி வைக்கிறேன்."

டீக்கடையில் சும்மா இருப்பார்களா? "ஏப்பா உடையப்பா, ஒம் பொண்டாட்டி ஒன்னைய மிதிச்சே ஸ்டாராகப் போறாளாமே!"

மறுநாள் காலை சம்மட்டியோடு கொட்டகைக்குள் புகுந்தான் உடையப்பன். பலகையில் வரிசையாக நின்ற பொம்மைகளைப் பார்த்தான். அதே மீசை. அதே கைலி.

"என்னையவாடி பொம்மை செஞ்சு மிதிக்கிற?"

பொம்மைகள் சிதறின. விளக்குகள் வெடித்தன. தலைமுடியைப் பிடித்து அவளைக் கீழே தள்ளி, விலாவில் உதைத்தான்.

"எந்தக் காலுடி? நீட்டு. இன்னிக்கு அதை ஜல்லியாக்கிட்டுத்தான் போவேன்."

சோறு கொண்டுவந்த மகள் மோகனப்ரியா, தாயின் கால்மேல் விழுந்து மறைத்தாள். "வேணாம்ப்பா!"

சம்மட்டிக் காம்பு அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் தாயின் பாதத்தில் சொட்டியது.

"அப்ப மொதல்ல ஒங் கால்!" என்று சம்மட்டியை ஓங்கினான்.

இத்தனை வருஷ அடியையும் வாங்கிக்கொண்டவள், இந்த அடியை விழ விடவில்லை. எழுந்து மோதினாள். சுருங்கிய விஞ்ஞானியின் காட்சிகளுக்காகச் செய்து, வீட்டளவு உயர்ந்து நின்ற பொய் டம்ளரில் முட்டி மல்லாந்து விழுந்தான் உடையப்பன். நழுவிய சம்மட்டியை எட்டிய கையில் அவள் பாதம் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. மறு கையும் நீண்டது. மறுபடி மிதித்தாள்.

ராட்சத டம்ளரின் அடியில் அவன் பூச்சியாய்ச் சுருண்டு கிடந்தான். அவள் கால் அவன் கழுத்துக்கு நேராக உயர்ந்தது.

"அம்மா... நீ ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாரும்மா?"

இறங்கிய கால் அவன் கழுத்துக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது. நடுங்கியது. ஆனால் நின்றது.

காலை எடுக்காமலே பிரகதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"இம்புட்டு ஒசரம் போதுமா தம்பி?"

ஆண்ட்ரூஸ் தலையை ஆட்டினான்.