பிரேக்கும் ஒரு தோன்றா எழுவாயும்

அம்மாவின் கார் என்னைவிட வயதில் மூத்தது. இவ்வளவு பழைய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். பிரேக்கும் புகையும் சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு ஓட்ட விடுவார்கள். இந்தமுறை தேறாவிட்டால் புதுப்பேட்டையில் உடைக்கக் கொடுத்துவிடலாம் என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வேறு வண்டி ஓட்ட வராது. வராது என்பதைவிட, வேண்டாம். மாட வீதி நெரிசலில் கிளட்ச்சை எவ்வளவு விட வேண்டும் என்று அவள் காலுக்கு இந்த ஒரு வண்டியில்தான் தெரியும். இது போனால் அவள் ஓட்டுவதே நின்றுவிடும்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. கூடப் படித்த நண்பனைக் கூப்பிட்டேன். அவன் வீட்டில் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஜாக்கியும் ஸ்பானருமாக ஞாயிறு காலையில் எங்கள் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டான்.

பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை உருவினோம். பிறை மாதிரி இரண்டு ஷூக்கள், நடுவே ஸ்பிரிங்குகள். மிதித்தால் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்புறத்தில் அழுந்தும், விட்டால் ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்ளும். படத்தில் வரைந்தது அப்படியே இருந்தது. கையெல்லாம் அப்பிய கரித்தூசியை மட்டும் எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. ஷூ தேயத் தேய டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடும். அட்ஜஸ்டரைத் திருகி அதைக் குறைத்தால் வேலை முடிந்தது.

டிரம்மை மாட்டிவிட்டு நான் சீட்டில் உட்கார்ந்து மிதித்து மிதித்து விட்டேன். அவன் பின்னால் குந்திக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றுவதும் அட்ஜஸ்டரை இறுக்குவதுமாக இருந்தான்.

"புடிக்குதா?"

"புடிக்குது மச்சி."

"அப்ப போதும், விடு."

அடுத்த சக்கரத்துக்கும் இதே உரையாடல்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் அம்மா வண்டியை எடுத்துக்கொண்டு லஸ் வரை ஒரு சுற்றுப் போய்வந்தாள். இறங்கும்போதே முகம் சரியில்லை.

"யாரோ பின்னாலேர்ந்து புடவையைப் பிடிச்சு இழுத்துண்டே வரா மாதிரி இருக்குடா."

வண்டி இழுக்கவில்லை என்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. என் தர்க்கம் அப்படிப் பாய்ந்தது. உண்மையைச் சொன்னால், கார்புரேட்டரில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூவைத் திருகிப் பார்க்க காலையிலிருந்தே விரல் துறுதுறுத்தது. காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். வெளிப்பக்கமாகத் திருகினேன். இன்ஜின் சத்தம் தடித்தது. நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா ஓட்ட, நானும் நண்பனும் கூட உட்கார்ந்து எஃப்.சி.க்குப் போகிற வழியில் தேனாம்பேட்டையில் ஒரு பெட்ரோல் பங்கில் புகைச் சோதனைக்கு நிறுத்தினோம். வேனில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அக்கா சைலன்சருக்குள் குழாயைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தார். கார்பன் மோனாக்சைடு எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, பெட்ரோலை அப்படியே குடிச்சிக்கினு கீது. இதுக்கு சர்டிபிகேட் வராது."

அம்மா ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

பின்னால் காத்திருந்த வண்டிக்கு வழிவிட வேண்டியிருந்தது. பங்கின் வாசல் சாலையை நோக்கிச் சரிவாக இறங்கும். கியரை எடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கையும் விடச் சொன்னேன், தானே உருளட்டும் என்று. வண்டி நகரவில்லை. சரிவில், எதுவும் பிடிக்காமல், அப்படியே நின்றது. எனக்கு எஃப்.சி. மறந்துபோயிற்று. ஏன் உருளவில்லை?

நண்பன் குனிந்து பின் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அனல் அடித்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே மச்சி, புடிக்குதுன்னு."

"பிரேக் புடிக்குதுன்னு நெனச்சேன்டா."

"வீல் புடிக்குதுன்னேன். நீ பெடலை வுட்டப்புறமும் சுத்தல. நீ போதும்னியா, சரி, எஃப்.சி.க்கு நீ டைட்டா கேக்குறேன்னு வுட்டுட்டேன்."

பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று படித்தோம். வாக்கியத்தில் எழுவாய் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும், கேட்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், நல்லது. சக்கரம் பிடித்தால் வண்டி ஓடாது, கெட்டது. இரண்டுக்கும் 'புடிக்குது' ஒன்றே போதும். ஆளுக்கொரு எழுவாயை மனசில் வைத்துக்கொண்டு அம்மாவின் காரைத் தீய்த்திருக்கிறோம். பிரேக் இழுத்ததற்கு நான் பெட்ரோலைக் கூட்ட, பெட்ரோல் புகையைக் கூட்டியிருக்கிறது.

அங்கேயே ஓரமாக ஜாக்கி போட்டோம். டிரம் ஆறும்வரை காத்திருந்து அட்ஜஸ்டரைத் தளர்த்தினோம். இந்தமுறை நான் "பெடலை விட்டுட்டேன், வீல் சுத்துதா?" என்று முழு வாக்கியமாகக் கேட்டேன். அவன் தட்டிவிட்ட சக்கரம் விசிறி மாதிரி சுற்றியது. மிதித்தேன், நின்றது.

வேன் அக்கா குழாயை மறுபடி செருக, நான் ஸ்க்ரூவை உள்பக்கமாக மெதுவாகத் திருகினேன். அவர் திரையைப் பார்த்து எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். என் விரல் அசைய அசைய அங்கே எண் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனதில் இன்ஜின் திக்கியது. துளி பின்வாங்கினேன். திக்கல் நின்றது, எண்ணும் எல்லைக்குள் நின்றது. இன்னொரு தடவை செய்து பார்க்கலாமா என்றேன். அக்கா சர்டிபிகேட்டைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், பிறகு அம்மாவின் ஜன்னல் பக்கம் வந்து கேட்டார்.

"பிரேக் பிடிக்குதாம்மா?"

நானும் நண்பனும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

"மிதிச்சா பிடிக்கறது," என்றாள் அம்மா. "விட்டா விட்டுடறது. ரெண்டையும் பாத்துக்கோங்கோ."

அவர் மைதானத்தின் கோடி வரை போய் நிறுத்திக் காட்டச் சொன்னார். வண்டி வேகமெடுத்து, ஒருபக்கமும் இழுக்காமல் நேர்க்கோட்டில் நின்றது. அவர் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது சாவியைக் கேட்டேன். அம்மா தரவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பின்சீட்டில் உட்காரச் சொன்னாள். மேம்பாலத்தின் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வண்டி தன்பாட்டுக்கு உருண்டுகொண்டே போனது.