வேப்பமரத்தடிச் செருப்புகள்

போன வருடம் தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த நேரம். காலைக் காப்பி ஆறுவதற்குள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. நாரணாபுரம் பக்கம் புகை எழுந்தது. என் மகள் கிருபா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி அந்தத் திசையில்தான் இருந்தது.

போன் செய்து பயனில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வாசலிலேயே போனைக் கொடுத்துவிட வேண்டும், அது விதி. அங்கே ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே விதி அதுவாகத்தான் இருக்கும்.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். விபத்து நடந்தால் யார் முதலில் வர வேண்டும், யார் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கம்பெனிக்கு ஓடிப்போய், அங்கே நின்ற போலீஸ்காரரிடம் எடுத்துச் சொன்னேன். "சரிங்க சார், கயித்துக்கு அங்கிட்டு நில்லுங்க," என்றார்.

கம்பி வேலியோரம் நின்றேன். வெடிமருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. வெளியே கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அதனால் இப்படி ஒன்று நடந்தால், எங்கள் பக்கத்து ஜனங்கள் முதலில் தேடுவது செருப்பை. ஓர் அறை இருந்த இடத்தில் கல்லும் புகையும்தான் இருந்தன. சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் செருப்புகள் கிடந்தன. அதில் ஒரு ஜோடிக்குப் பச்சை வார், வலது காலில் கறுப்பு நூல் தையல். கிருபாவுடையது. அதைத் தைக்கக் கொடுத்து வாங்கி வந்தவன் நான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் கருப்பசாமி நின்றார். அவர் மனைவி முத்துலட்சுமியும் கிருபாவும் ஒரே அறையில் வேலை செய்தவர்கள். அவரும் செருப்புகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சார், எங்க வீட்டுக்காரி செருப்பு அங்கன இல்ல சார்! செவப்புச் செருப்பு. நல்லாப் பாத்துட்டேன், இல்ல! வெளிய போயிருக்கா, தப்பிச்சிட்டா!"

சிரித்தார், அழுதார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒங்க பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. தெகிரியமா இருங்க."

மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று அலுவலகத்தில் பெயர். அன்று எனக்கு ஒரு வரிதான் வந்தது. "ஆண்டவரே, அது என் மகளாக இருக்கக் கூடாது." அவள் இல்லையென்றால் அது வேறு ஒருத்தி என்று யோசிக்க எனக்கு மனமில்லை.

கம்பெனி அலுவலகக் கட்டடத்தின் பக்கமிருந்து பெண்கள் சிலர் கூட்டமாக வந்தார்கள். நடுவில் கிருபா. உடம்பெல்லாம் புழுதி.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கருப்பசாமி அவள் காலைப் பார்த்தார்.

சிவப்புச் செருப்பு.

வெடிப்பதற்குச் சற்று முன் லேபிள் விவரம் கேட்டு அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலில் மாட்டியதைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். அங்கே வேலை செய்யும் எல்லாப் பெண்களும் செய்வதுதான்.

"ஸ்தோத்திரம்" என்று சொல்ல வாயெடுத்தேன். கருப்பசாமி வேலியைப் பிடித்தபடியே மண்ணில் சரிந்து உட்கார்ந்தார். என் சொல் பாதியில் நின்றுவிட்டது.

பிணவறை வாசலில் அவரோடு இருந்தேன். எந்தத் தாளில் யார் கையெழுத்து வேண்டும் என்று எனக்குத்தானே தெரியும்? எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ஒங்க சாமி எங்க வீட்டுக்காரி செருப்ப எடுத்துல்ல ஒங்க பிள்ளைக்குக் குடுத்திருக்காரு. ஏன் சார்?"

அவர் கையிலிருந்த தாள்களை வாங்கி மறுபடி வரிசைப்படுத்தினேன்.

சபையில் பதில்கள் தாராளமாகக் கிடைத்தன. "கர்த்தர் தம்ம பிள்ளைகளத் தனியாப் பிரிச்சுக் காப்பாத்துவாருண்ணே. சாட்சி சொல்லுங்க," என்றார் ஒரு சகோதரர். "செத்துப்போன அந்தம்மா யார் பிள்ளை?" என்று கேட்டேன். அவருக்கு உடனே வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. மனிதன் விதியை மீறினால் கடவுள் என்ன செய்வார் என்றார் இன்னொருவர். உண்மைதான். முந்தின நாள் மிஞ்சிய மருந்தை அழிக்காமல் வைத்திருந்தார்கள். ஆனால் மீறியவன் ஒருவன், செத்தவள் வேறொருத்தி. கோப்பை மூட அந்த விளக்கம் போதும். கருப்பசாமியின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போதாது.

வீட்டில் கிருபா சாப்பிடவில்லை. அந்தச் செருப்பைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். "நான் என் செருப்பப் போட்டிருந்தா அந்த அண்ணன் அங்க சிரிச்சிருக்க மாட்டாருல்லப்பா?" என்று ஒரு நாள் கேட்டாள். வேலியோரம் கருப்பசாமி சிரித்ததை யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். உயிரோடு திரும்பி வந்த மகள் என் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் முழங்காலில் நின்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். "ஏன் என்று சொல்லும். இல்லையென்றால் இவளையாவது மீட்டுத் தாரும்." காரணம் வரவில்லை. சிலுவையில் தொங்கியவர் நினைவுக்கு வந்தார். அவரும் பிதாவிடம் "ஏன்" என்றுதானே கேட்டார்? அவருக்கும் அன்று பதில் வரவில்லையே. அதுவரை அவரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரியாகவே நினைத்திருந்தேன். அவரோ மனு கொடுக்கிறவர்கள் வரிசையில், காயத்தோடு, எனக்கு முன்னால் நிற்கிறார். அழுதுவிட்டேன்.

முத்துலட்சுமியின் காரியம் முடிந்த பிறகு, வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதித்தரக் கேட்டுக் கருப்பசாமி வீட்டுக்கு வந்தார். கிருபா அந்தத் துணிமூட்டையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அக்காவோடது. தெரியாமப் போட்டுட்டுப் போயிட்டேன் அண்ணே."

அவர் அவிழ்த்தார். செருப்பில் இருந்த புழுதியை விரலால் துடைத்தார். என்ன சொல்லிவிடுவாரோ? அந்த ஒரு சொல்லில் என் மகள் பிழைப்பாள், அல்லது முடிந்துபோவாள்.

"எவ போட்டுட்டுப் போனாலும் அவ ஒண்ணும் சொல்ல மாட்டா தாயி. 'செருப்பு தேஞ்சா போயிரும், போயிட்டு வரட்டும்'னு சொல்லுவா." செருப்பை மடியில் வைத்துக்கொண்டார். "ஒம்மேல வெறுப்பாத்தான் இருந்தேன். இனிமே முடியாது. நீயாவது அதுல நடந்து வந்துட்டியே. போ, போயிச் சாப்புடு."

கிருபா வாய்விட்டு அழுதாள். அன்று சாப்பிட்டாள்.

என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் இதுதான். எங்கள் ஆலயப் படி மிதிக்காத ஒருவர் வாயில் அதை வைத்து அனுப்பிய தேவனுக்கு நன்றி சொல்கிறேன். முத்துலட்சுமி ஏன் போனாள் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவள் சாகும்போது ஆண்டவர் தூரத்தில் இல்லை என்பதை மட்டும் நம்புகிறேன். இப்போது வெடிவிபத்தில் ஆளை இழந்த வீடுகளுக்கு நானும் கருப்பசாமியும் சேர்ந்து போகிறோம். மனு எழுதிக் கொடுக்கிறேன். காரணம் சொல்வதை விட்டுவிட்டேன்.

அன்பானவர்களே, உங்களுக்கும் ஒரு "ஏன்" இருக்கும். அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் அவரிடம் வருவேன் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிறு ஆலயத்துக்கு வரும்போது செருப்பை மட்டும் வெளியே கழற்றிவிடுங்கள். கேள்வியை உள்ளே கொண்டுவாருங்கள். அவர் வாங்கிக்கொள்வார்.