அருவிக்கு எதிரே அக்காவின் டீக்கடை

மரக்காணம் உப்பளத்து வெயிலில் காயும் எனக்கு, மலையில் வாழ்க்கைப்பட்ட அக்காமேல் வெகுநாளாகப் பொறாமை. அவளுடைய டீக்கடை பெரிய அருவிக்கு நேர் எதிரே, எல்லோரும் போட்டோ எடுக்கும் வியூ பாயிண்டில் இருக்கிறது. போன கோடையில்தான் முதல்முறையாகப் போனேன். சாரல் முகத்தில் பட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

"குடுத்து வெச்சவக்கா நீ. தெனமும் இதப் பாத்துக்கினே இருக்கலாம்."

அக்கா அருவிக்கு முதுகைக் காட்டியபடி டீ ஆற்றினாள்.

"முன்னாடி இங்க வெறும் பாறைதான்டி. நான் வர்றதுக்கு முன்னயே என் கொழுந்தன் வழுக்கி விழுந்து செத்துட்டாரு. அவர் கத்துனது இந்த அருவி சத்தத்துல யாருக்கும் கேக்கல. அப்புறம் மாமனாரே கல்லு சுமந்து சுவர் கட்டுனாரு. கவர்மெண்ட்டு கம்பி போட்டதெல்லாம் பின்னாடிதான். போன மாசம் எம் புள்ள அந்தக் கம்பிமேல ஏறி நின்னான். கத்துறேன், திரும்பவே இல்ல. ஓடிப்போய் இழுத்தேன்."

டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"உங்க ஊரு உப்பளமெல்லாம் வெட்டவெளி. புள்ள எவ்ளோ தூரம் போனாலும் கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டா கேக்கும். உம்மேல எனக்குப் பொறாமையா இருக்குதுடி."

என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. அந்தத் தண்ணீருக்கு இன்றும் ஏங்குகிறேன். அக்காமேல்தான் இப்போது பொறாமை வரவில்லை.