கோல் ஊன்றும் முன்

பாடப்புத்தகத்தில் உந்தம் மாறாமைக்குத் துப்பாக்கியைத்தான் உதாரணம் சொல்லியிருந்தார்கள். குண்டு முன்னே போனால் துப்பாக்கி பின்னே உதைக்கும். இரண்டையும் கூட்டினால் முதலில் இருந்த அதே சைபர். மகாபலிபுரத்துப் பிள்ளைகள் துப்பாக்கியை எங்கே கண்டார்கள்? நான் வகுப்பில் கால்வாய்ப் படகைச் சொல்வேன். அப்போது பாலம் கிடையாது. செங்கல்பட்டு பஸ் அக்கரையோடு நின்றுவிடும். படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நழுவும். அதனால் படகுக்காரர் கோலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு "எறங்கு" என்ற பிறகுதான் இறங்க வேண்டும். யார் கேட்டார்கள்? கூட்டம் நிறைந்த படகில் ஒருவர் தாவினால் அது அசைந்ததுகூடத் தெரியாது.

அம்மாவும் அப்பாவும் இறந்த பிறகு வீட்டில் நானும் தங்கையும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; அவளுக்கு நானே முன்னின்று நடத்தினேன். மாப்பிள்ளைக்கு வடக்கே ரயில்வேயில் வேலை. அவள் புறப்பட்ட அன்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். அவளை அழைத்துப் போகிறவர்மேல் கோபம் கோபமாக வந்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்ததால் அவளிடம் ஒன்று சொல்ல முடியவில்லை. அங்கே சரிப்படாவிட்டால் யோசிக்காமல் வந்துவிடு, நான் இருக்கிறேன். அக்கரையில் இறங்கியதும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை பெட்டிகளோடு முன்னாலேயே போய்விட்டார். அடுத்த நடையில் நாங்கள் இருவர் மட்டும். கரை நெருங்கும்போது பஸ் ஹாரன் அடித்தது. ரயில் தவறிவிடுமோ என்ற பயத்தில் தங்கை, கோல் ஊன்றுவதற்குள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாவிவிட்டாள். கூட்டமில்லாத படகு, விருட்டென்று பின்னால் போனது. எழுந்து நின்ற நான் தடுமாறி உட்கார்ந்தேன்.

"இன்னா டீச்சரம்மா, ஊருக்கெல்லாம் பாடம் சொல்ற, வூட்ல சொல்லலியா?" என்று படகுக்காரர் சிரித்தார்.

அவள் திரும்பிக் கையை நீட்டினாள். நடுவில் தண்ணீர். மறுபடியும் ஹாரன்.

"அக்கா, வரட்டுமா?" என்று கத்தினாள்.

பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கும்போது சொல்ல வைத்திருந்ததைக் கத்தியா சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

படகுக்காரர் படகைக் கரையோடு சேர்த்து, கோலை ஆழமாக ஊன்றினார்.

"இப்ப எறங்கு டீச்சரம்மா. ஆடாது" என்றார்.

உண்மைதான், துளிகூட ஆடவில்லை. இறங்கி யாரிடம் போவது? உட்கார்ந்தே இருந்தேன்.