கேதம் சொல்லப் போன தூதரகம்

டெல்லியிலிருந்து வரும் அமைச்சருக்கு எந்த நிறச் சால்வை போர்த்துவது என்று எங்கள் தூதரகம் காலையிலிருந்து ஆலோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அருப்புக்கோட்டைப் பக்கம் எம்.ரெட்டியபட்டியில் ஒருவர் இறந்துபோனார்.

வளைகுடா நாடொன்றில், தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவில் நான் அப்போது உதவியாளர். அருப்புக்கோட்டைக்காரி என்பதால் நம் பக்கத்துப் போன் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். இறந்தவரின் மூத்த மகன் முத்துராஜ், மானாவாரிப் பருத்தி கைவிட்டதால் அங்கே ஒரு பேரீச்சந்தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவன். அவன் பாஸ்போர்ட் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், இருந்தது. தோட்டத்துச் சூப்பர்வைசர் லீவு கிடையாது என்று கையை விரித்துவிட்டான். ஊரில் அப்பாவை ஃப்ரீசர் பெட்டியில் வைத்து, கொள்ளி வைக்க இவன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். இதைச் சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதான்.

இதற்கு எங்களிடம் இருந்த மருந்து 'நோட் வெர்பால்'. அந்த நாட்டு வெளியுறவுத் துறைக்குப் போகும் காகிதம். தொடக்கத்தில் ஒரு கும்பிடு, முடிவில் ஒரு கும்பிடு, நடுவில் ஷரத்து எண். அவர்கள் அதைத் தொழிலாளர் துறைக்குத் தள்ளுவார்கள். பதில் வருவதற்குள் ஃப்ரீசர் பெட்டியே ரிப்பேராகிவிடும்.

தூதரிடம் போனேன். நோட் போய்விட்டதல்லவா, அமைச்சர் கிளம்பியதும் ரிமைண்டர் அனுப்பலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு அவருக்குச் சாவைவிடச் சால்வை பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

முத்துராஜின் சித்தப்பா ஊரிலிருந்து கூப்பிட்டார். நடந்ததை ஷரத்து எண் உட்பட விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“கேதத்தப் பேப்பர்லயா சொல்லுவாக தாயி? அந்த மொதலாளிகிட்ட ஆளு போயி சொல்லியாச்சா?”

யாரும் போகவில்லை. பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளிக்கும் கேதம் சொல்ல, அதாவது சாவுச் சேதியை நேரில் சொல்ல, ஆள் போகும் ஊர் எங்களுடையது. தூதரகத்தில் அந்த வழக்கம் கிடையாது. முதலாளி வீட்டுக்குப் போனால் அந்தஸ்து குறைந்துவிடுமாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் இளம் அதிகாரியான செகண்ட் செக்ரட்டரியை நாற்காலியிலிருந்து எழுப்பிக்கொண்டு கிளம்பினேன். கான்பூர்க்காரர், கல்யாணமாகாதவர், சொன்னால் கேட்பார். கார்கள் எல்லாம் அமைச்சர் பின்னால் ஓடியதால், பூமாலை ஏற்றிவந்த வேனில் போனோம். எந்த விதியின்கீழ் பேசவேண்டும் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எதுவும் பேசவேண்டாம், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருங்கள் என்றேன். பயிற்சியில் இது இல்லை போலும், ரொம்பச் சிரமப்பட்டார்.

கஃபீல் வயதானவர். காப்பி ஊற்றிக் கொடுத்தார். உங்கள் முத்துராஜின் தகப்பனார் இறந்துவிட்டார், சொல்லிவிட்டுப் போக வந்தோம் என்று அரைகுறை அரபியில் சொன்னேன். கோரிக்கை ஒன்றும் வைக்கவில்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தன்னிடம் யாருமே சொல்லவில்லை என்றார். பிறகு சூப்பர்வைசரைப் போனில் பிடித்துத் திட்டினார். என் அரபிக்கு அது மட்டும் முழுதாகப் புரிந்தது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, தானே காரோட்டிப் போய் முத்துராஜை ஏர்போர்ட்டில் விட்டார்.

மறுநாள் சித்தப்பா பேசினார். “வந்துட்டான் தாயி. அப்பன் மொகத்தப் பாத்துட்டான். இனி தூக்கிருவோம்.” நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். மாத அறிக்கையில் இது 'இடைவிடாத ராஜதந்திர முயற்சியின் வெற்றி' என்று ஏறியது.

அந்த வாரமே கஃபீல் தூதரகத்துக்கு வந்தார், துக்கம் கேட்க. செத்தவர் பக்கத்து ஆட்கள் என்று அவருக்குத் தெரிந்தது எங்களைத்தான். அப்பாயின்ட்மென்ட் இல்லை என்று செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிட்டான். ஜன்னலில் தற்செயலாகப் பார்த்து ஓடினேன். உள்ளே விட என்னாலும் முடியவில்லை. வெயிலில் நின்றபடியே, பையன் தகப்பன் முகத்தைப் பார்த்தானா என்று கேட்டார். பார்த்தான் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியுறவுச் சேவையை எப்படி மேம்படுத்தலாம் என்று இப்போது கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். துக்கம் கேட்க வருகிறவரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்காதீர்கள். இது முதல் பாடம். எங்கள் ஆபீஸ் இதைப் படித்து முடிப்பதற்குள் நான் ரிட்டையராகிவிட்டேன்.